இரண்டு பக்கமும் வால்

முதலில் கையில் இருக்கும் ஹீட் கன்னைக் கீழே வையுங்கள். பிறகு படியுங்கள்.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார். நல்ல வார்த்தை எனக்கு வராது. ஈப்போவில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பேசி ரிப்பேர் செய்த காலம் முழுக்க யாரிடமும் நான் இனிக்க இனிக்கப் பேசியது கிடையாது. அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

திரை மாற்றுவது, சாலிடர் வைப்பது, பேட்டரி கழற்றுவது எல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். உங்களுக்கு இளம் கண், நடுங்காத கை. உங்களிடம் இல்லாதது ஒன்றுதான். எதிரே ஆள் நின்று அவசரப்படுத்தும்போது அந்தக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. ஏதாவது திறந்தால்தான் வேலை செய்வதாக நினைப்பு. திறந்ததை மூட முடியாமல் போகும்போது யார் முகத்தில் முழிப்பீர்கள்?

வயர் இல்லாத இயர்பட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு டப்பா மாதிரி ஒரு சின்னப் பெட்டி, உள்ளே இரண்டு பட். சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவருவார்கள். மலிவான பெட்டிகள் எல்லாம் பசை போட்டு ஒட்டியவை. ஹீட் கன்னால் சூடு காட்டி நெம்பினால் பாதி உடையும். உடையாமல் திறந்தாலும் உள்ளே பேட்டரிக்குப் போகும் தகடு காகிதம் போல் இருக்கும், கிழிந்துவிடும். அப்புறம் "சாமான் ரோசாக், கெட்டுப்போச்சு" என்று குப்பையில் போடச் சொல்வீர்கள். அதை ரோசாக் ஆக்கியதே நீங்கள்தான். சொல்ல மாட்டீர்கள்.

இப்போது அந்தப் பெரிய வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

நம் மாநிலத்தில் அன்றைக்கு லீவு கிடையாது. கடை வழக்கம்போல் திறந்திருந்தது. மதியம் ஒரு மணி வாக்கில் ஒரு அம்மா, வெள்ளைச் சேலை, ஒரு ஆளைக் கை பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் வெள்ளைச் சட்டைதான், கழுத்து வரை பட்டன் போட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி. கண் தெரியாதவர் என்பது நடையிலேயே தெரிந்தது. பெயர் ஆரோக்கியம். கூட வந்தது தங்கை ஸ்டெல்லா. புந்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

மேசையில் அப்போது முருகன் உட்கார்ந்திருந்தான். என்னோடு வேலை செய்தவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான், நல்ல கைக்காரன். அந்தக் கை நல்லதாக இருந்ததுதான் அவனுக்கு வினை.

ஆரோக்கியம் பெட்டியை மேசைமேல் வைத்தார். "காலையிலேருந்து பேச்சு மூச்சு இல்லலா. ரெண்டு காதும் செத்துப் போச்சு. எதிர் வரிசைக் கடைக்காரன் பேட்டரி ஹாபிஸ், தீந்துபோச்சுங்கிறான்."

முருகன் பெட்டியை வாங்கி மேசைக் கேபிளில் செருகினான். விளக்கு எரியவில்லை. அந்த மாதிரிப் பெட்டிக்கு முன்னால் ஒரு குண்டூசித் தலை அளவு விளக்கு இருக்கும், சார்ஜ் ஏறினால் சிவப்பாக எரியும். அது இல்லை. வேறு கேபிளை எடுத்தான். இல்லை. மூன்றாவது. இல்லை. துளைக்குள் லைட் அடித்துப் பார்த்தான், பிரஷ் போட்டான், மறுபடி செருகினான்.

"போர்ட் போச்சுக்கா. மூணு கேபிள் போட்டுப் பாத்துட்டேன். தொறந்துதான் ஆகணும்." ஹீட் கன் ஏற்கெனவே அவன் கையில் இருந்தது.

"தொறந்தா எவ்வளவு நேரம் ஆகும்?" ஸ்டெல்லா கேட்டார். "மூணு மணிக்குக் கோயில்."

"எடுத்துட்டு நாளைக்கு வாங்கக்கா, சாவகாசமா பாக்கலாம்."

"நாளைக்கு எனக்கு எதுக்குலா?" என்றார் ஆரோக்கியம். குரல் உயரவில்லை. "இன்னைக்குத்தான் ஆண்டவர் சாவுறாரு."

நான் எழுந்து முருகன் கையிலிருந்த ஹீட் கன்னின் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு அவர்களுக்கு நாற்காலி போட்டேன். டீ வேண்டுமா என்றேன். இன்றைக்கு ஒரு சந்தி, நோன்பு என்றார் ஸ்டெல்லா. அண்ணனுக்கு மட்டும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருப்பதால் காலையில் கஞ்சி கொடுத்திருக்கிறார்.

விஷயம் இது. ஆரோக்கியம் பீடோர் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்னால் பெரிய வெள்ளி வந்தால் கோயிலில் திருப்பாடுகள் வாசிப்பது அவர்தான். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து கல்லறையில் வைத்தது வரைக்கும் நீளமான வாசகம். ஆண்டவர் பேசுவதை ஃபாதர் வாசிப்பார். கூட்டம் பேசுவதை இன்னொருவர் வாசிப்பார். நடுவில் கதையைச் சொல்லிக்கொண்டு போகிற பங்கு ஆரோக்கியத்துடையது. கண் போனதும் அது வேறு ஆளிடம் போயிற்று. இத்தனை வருடம் கழித்து ஃபாதர் இந்த முறை நீங்களே வாசியுங்கள் என்றிருக்கிறார்.

கோயில் கமிட்டியில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பாதியில் நின்றால் யார் பொறுப்பு, பெரிய வெள்ளி என்ன ஒத்திகையா என்று கேட்டிருக்கிறார். இரண்டு மணிக்குள் ஆரோக்கியம் தயார் என்று சொல்லாவிட்டால் அந்த ஆள் வாசிப்பதாகப் பேச்சு. இந்த முறையும் கைமாறினால் மறுபடி திரும்பாது என்பது அண்ணனுக்கும் தங்கைக்கும் தெரியும்.

"எப்படிண்ணே வாசிப்பீங்க?" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"இவ வாசிச்சு போன்ல பதிஞ்சு கொடுத்திருக்கா. வலது காதுல மட்டும் போட்டுக்குவேன். இவ சொல்லச் சொல்ல நான் ஒரு எட்டுப் பின்னால சொல்லிக்கிட்டே போவேன். ஃபாதர் வாசிக்கிறப்ப காதுல ஒரு தட்டுத் தட்டினா நிக்கும். என் முறை வந்தா இன்னொரு தட்டு, ஓடும். எங்க நிக்கணும், எங்க ஓடணும்னு எல்லாம் எனக்கு அத்துப்படி."

"மனப்பாடமா வராதாண்ணே?"

"பாட்டுன்னா வரும். இது வேதம். ஒரு சொல்லு பிசகுனா முன் வரிசையில விரல் வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பான் ஒருத்தன்."

பழுதை விட்டுவிட்டுப் புதுசு கொடுத்து அனுப்பலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒன்றைப் பிரித்து அவர் போனில் இணைத்து, பதிவை ஓடவிட்டுக் காதில் வைத்துவிட்டேன். "தட்டுங்கண்ணே."

தட்டினார். நிற்கவில்லை. இரண்டு தட்டு. ஸ்டெல்லாவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

"யாருடி?" என்றார் ஆரோக்கியம்.

"நீங்கதாண்ணே."

"நல்லது. சிலுவையில ஆண்டவரு உயிரை விடுறப்ப நான் தங்கச்சிக்குப் போன் போட்டு எங்கிருக்கேன்னு கேக்கிறேன்." கழற்றி என் கையில் கொடுத்தார். "இது வேணாங்கா. ஒவ்வொண்ணுக்கும் தட்டு வேற. பழசோட தட்டு விரலுக்குத் தெரியும். மூணு வாரமா அதுலதான் பழகியிருக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வயர் வைத்ததைக் கொடுக்கலாம் என்றான் முருகன். அவர் போனில் அந்தத் துளையே இல்லை. தேடி ஏதாவது பொருத்தினாலும் பட்டன் கழுத்துக்குக் கீழே தொங்கும். பழகாத பட்டனை மைக் முன்னால் தடவிக்கொண்டிருப்பாரா? ஆக, அந்தப் பழைய பெட்டி உயிரோடு வர வேண்டும். வேறு வழியில்லை.

"இப்பவாச்சும் தொறக்கட்டாக்கா?" என்றான் முருகன்.

"நீ வாயத் தொறக்காம இரு முதல்ல."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். நேரம் இல்லாதபோதுதான் கேள்வி கேட்க வேண்டும். நேரம் இருந்தால் திறந்துகூடப் பார்க்கலாம், தப்பினால் இன்னொரு நாள். அன்றைக்கு இன்னொரு நாள் இல்லை.

"நேத்து வரைக்கும் பாடுச்சாண்ணே?"

"ராத்திரிகூட ஒத்திகை பாத்தேன்."

"கீழ விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா?"

"எதுவும் இல்லலா."

"வீட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்ல" என்றார் ஸ்டெல்லா.

இந்த "இல்லை"யை எப்போதும் நம்பாதீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தான் செய்த நல்ல காரியத்தை யாரும் மாற்றம் என்று எண்ணுவதில்லை. நான் அண்ணனிடம் திரும்பி வேறு மாதிரி கேட்டேன்.

"சார்ஜ் போடுறப்ப கைக்குப் புதுசா ஏதாச்சும் தெரியுதாண்ணே?"

அவர் யோசித்தார். விரல் தொடைமேல் எதையோ தேடியது. "கேபிளுக்குத் தலை இல்ல."

"என்ன இல்ல?"

"முன்ன இருந்த கேபிளுக்குத் தலை பெருசு, வால் சின்னது. தலைய சார்ஜர்ல குத்துறதுக்கு ரெண்டு மூணு வாட்டி திருப்பிப் பாக்கணும், ஒரு பக்கந்தான் போகும். இப்ப இருக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் வால். எப்படிக் குத்தினாலும் போவுது."

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. "குருத்து ஞாயிறுக்கு வீட்டைத் தூய்மை பண்ணப்ப பழைய வயரெல்லாம் தூக்கிப் போட்டேங்கா. அண்ணே தடவிக்கிட்டுக் கஷ்டப்படுறாரேன்னு புது சார்ஜரும் கேபிளும் வாங்கி வச்சேன். எந்தப் பக்கம் குத்தினாலும் போகும்னு கடையில சொன்னான்."

நான் முருகன் மேசையைப் பார்த்தேன். அவன் மாற்றி மாற்றிப் போட்ட மூன்று கேபிளும் மேசைமேல் கிடந்தன. மூன்றுக்கும் இரண்டு பக்கமும் வால். போன மாதம்தான் மேசை சார்ஜரைப் புதிதாக மாற்றியிருந்தார் முதலாளி, எல்லாத் துளையும் சின்னது. அழகாக இருந்தது. ஒரே மாதிரி மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மூன்று தடவை சோதித்ததாக நினைத்துக்கொண்டான் மடையன். அது ஒரு சோதனைதான். மூன்று முறை செய்த ஒரு சோதனை.

சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அடுத்த முறை உங்களுக்கு உதவும். பெரிய தலை கேபிள் போகிற பழைய சார்ஜர் கேள்வி கேட்காது. செருகிய உடனே கரண்ட் கொடுக்கும், எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. சின்னத் துளை, அதாவது டைப்-சி வைத்த புது சார்ஜர் அப்படி இல்லை. எதிரே இருக்கும் பொருள் தன்னிடம் இரண்டு குட்டி ரெசிஸ்டர் இருப்பதைக் காட்டினால்தான் கதவைத் திறக்கும். நல்ல பெட்டிகளில் அது இருக்கும். மலிவான பெட்டி செய்கிறவன் அந்த இரண்டு அரிசி நொய்யைக்கூட மிச்சம் பிடித்துவிடுவான். துளை மட்டும் புது மாதிரி, உள்ளே ஒன்றும் இல்லை. அதனால் பெட்டி நல்லது, சார்ஜர் நல்லது, கேபிளும் நல்லது, ஆனால் மூன்றையும் சேர்த்தால் வேலை செய்யாது. செய்தவனை என் முன்னால் நிறுத்தினால் நாலு அறை விடுவேன்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெட்டிக்குச் சொட்டுக் கரண்டுகூடப் போகவில்லை. பெட்டிக்குள் இருந்த மிச்சத்தைக் குடித்தே இரண்டு பட்டும் ஐந்து நாள் ஓடியிருக்கின்றன. தினமும் அவர் செருகினார், கிளிக் என்று உட்கார்ந்தது, சரியாகிவிட்டது என்று படுத்தார். விளக்கு எரியவில்லை என்பது நமக்கு அரை நொடியில் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? பெட்டி கட்டிலுக்குப் பின்னால் இருந்ததால் தங்கையும் பார்க்கவில்லை.

சுவரிலிருந்து பெரிய தலை கேபிள் ஒன்றை உருவினேன். அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய சார்ஜர் கிடந்தது. செருகினேன்.

எரியவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்று முருகன் தொடங்கினான். பார்த்தேன். நிறுத்திக்கொண்டான்.

சுத்தமாக வற்றிப்போன பேட்டரி உடனே கண் திறக்காது. துளித் துளியாகக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அது தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அதை நம்பவும் வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேறு இடத்தில் வைத்தால் கை தானாகக் கத்தியைத் தேடும்.

நாலு பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றோம். ஸ்டெல்லா வாய்க்குள் செபமாலை சொன்னார். வெளியே லோரி ஒன்று பின்னால் வரும் சத்தம். கடைச் சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

பிறகு, அந்தக் குண்டூசித் தலையில், மங்கலாக, சிவப்பு.

முருகன் மூச்சு விட்டான். ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் குனிந்து அது நிற்கிறதா அணைகிறதா என்று பார்த்தேன். நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரமோ.

"யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்கலா" என்றார் ஆரோக்கியம். "எரியுதா, இல்லையா?"

கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு வேலையும் யாருக்காக நடக்கிறதோ அந்த மனுசனிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. நாலு பேர் என்று மேலே எழுதினேன். பார்த்தது மூன்று பேர்தான்.

"எரியுதுண்ணே" என்றேன். "சிவப்பா எரியுது. அசையாம எரியுது."

அவர் தலையை ஆட்டினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஃபாதருக்குப் போன் போடு ஸ்டெல்லா. வாரேன்னு சொல்லு."

கண் தெரிகிறவருக்கும் இதே கதிதான், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் உச்சந்தலைதான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு இருட்டு. பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்லதோ கெட்டதோ, சொல்லுங்கள். அதற்குத் தனியாகச் சம்பளம் வேண்டுமா என்ன?

இன்னும் பாதி வேலை பாக்கி இருந்தது. அரை மணி நேரம் ஏற்றினால் வாசகம் முடிய ஓடும், ஆனால் நான் எதையும் அந்த அளவுக்கு நம்புவதில்லை. காரில் போகும்போதும் சார்ஜ் ஏற வேண்டும். பவர் பேங்க் ஒன்றை எடுத்தேன், பெரிய துளை உள்ளது. அதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. இந்தச் சின்னப் பெட்டிகள் இழுக்கும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம். எதிரே ஒன்றும் இல்லை போல என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். யாராவது பார்த்துக்கொண்டே இருந்து, அணைந்தால் பட்டனை அழுத்த வேண்டும். ஸ்டெல்லா கார் ஓட்ட வேண்டும். அண்ணனுக்குக் கண் தெரியாது.

"முருகா, கடையப் பாத்துக்க" என்றேன்.

"எங்கக்கா போறீங்க?"

"கோயிலுக்கு."

"நீங்களா?" என்றான். எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கே திருவிழா அன்று மட்டும் போகிறவள் நான் என்பது அவனுக்குத் தெரியும்.

காரில் பின் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் பெட்டி. சில்லிபின் சாலையில் நெரிசல். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் கேட்டார். "எரியுதாக்கா?" "எரியுதுண்ணே." இரண்டு தடவை அணைந்தது. அணைந்ததையும் சொன்னேன், அழுத்தினேன், மறுபடி எரிந்ததையும் சொன்னேன். கோயில் வாசலில் இறங்கும்போது வலது பட்டை எடுத்து அவர் காதில் வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினார், காது கொடுத்துக் கேட்டார், இன்னொரு தட்டு. உதடு லேசாக இழுத்தது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

இடது பட் பெட்டியிலேயே இருந்தது. வலது செத்தால் ஸ்டெல்லா வந்து வாங்கிக்கொண்டு ஓடுவதாக ஏற்பாடு. அதனால் நான் கடைசி வரிசைக்குப் பின்னால், தூண் ஓரமாகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். மணி அடிக்கவில்லை, ஆர்கன் வாசிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் மடிமேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அந்தக் கமிட்டி ஆள் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா அண்ணனை முழங்கை பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டு விலகினார். அவர் காதைத் தொட்டார். ஆரம்பித்தார்.

லோரிக்காரர் குரல். இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அந்தக் கோயிலுக்குள் அடங்கி, ஒவ்வொரு சொல்லாக, தடுக்காமல் வந்தது. ஃபாதர் வாசிக்கும்போது விரல் காதுக்குப் போகும். தன் முறை வந்ததும் மறுபடி போகும். பார்க்கிறவர்களுக்குத் தலைமுடியை ஒதுக்குகிற மாதிரிதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டம் எனக்குப் பிடிபட்டது. அவர் நின்றால் இன்னொருவர் பேசுவார், அவர் முடித்தால் இவர் தொடங்குவார். எனக்குப் பயம் விட்டது.

சிலுவையில் அறைந்தார்கள். ஃபாதர் ஏதோ சொன்னார். ஆரோக்கியம், ஆண்டவர் தலை சாய்த்து உயிரை விட்டார் என்று வாசித்தார்.

நின்றார்.

யாரும் பேசவில்லை.

நான் காத்திருந்தேன். ஃபாதர் வாசிப்பார் என்று பார்த்தேன். ஃபாதர் வாசிக்கவில்லை. கூட்டத்துக்காக வாசிக்கிறவரும் வாசிக்கவில்லை. ஆரோக்கியம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். செத்துவிட்டது. வலது பட் செத்துவிட்டது. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன், அதுவும் அணைந்து கிடந்தது. பவர் பேங்க் படுத்துவிட்டது, வாசிப்பைக் கேட்டுக்கொண்டு நான் பார்க்கவில்லை. அழுத்தினேன். ஸ்டெல்லாவைத் தேடினேன். அப்போது முழுக் கோயிலும் சரசரவென்று கீழே இறங்கியது. எல்லோரும் மண்டியிட்டார்கள். அந்தப் புத்தகக்காரரும் மண்டியிட்டார். ஒரு இயர்பட்ஸுக்காக இத்தனை பேரா வேண்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக.

நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் கேபிளும் பெட்டியுமாக. பக்கத்தில் இருந்த பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மண்டி போடுங்கக்கா."

போட்டேன். அங்கிருந்து அவர் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெட்டியில் சிவப்பு எரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர எனக்குத் தெரிந்தது எதுவும் அங்கே இல்லை.

பிறகு பெஞ்சுகள் கிறீச்சிட்டன, எல்லோரும் எழுந்தார்கள். கல்லறைப் பக்கம் கதையை நகர்த்திக்கொண்டு அந்த லோரிக்காரர் குரல், விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல் தொடங்கியது. தூணில் சாய்ந்துகொண்டேன். முன் வரிசையில் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. வாசகம் முடிய இன்னும் இருந்தது, அவர் மூடிவிட்டார்.

எல்லாம் முடிந்து வெளியே வர வெயில் சாய்ந்துவிட்டது. வெளியில் ஆட்கள் சத்தமில்லாமல் கலைந்துகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அண்ணனிடம் போய், வந்த கோபத்தையெல்லாம் கொட்டினேன்.

"ஏண்ணே, நடுவுல அப்படி நின்னுட்டீங்க? எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு. பட் செத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

"ஆண்டவரு உயிரை விட்டதும் கொஞ்ச நேரம் எல்லாரும் மண்டி போட்டு மௌனமா இருப்போம். எப்பவும் அப்படித்தாங்கா."

"எனக்கு எப்படித் தெரியும்? அந்த எடத்துல நிப்போம்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் காதிலிருந்து பட்டைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். இந்த முறை நன்றாகவே சிரித்தார்.

"இப்பத் தெரியுதா, எரியுதா எரியுதான்னு வழியெல்லாம் நான் ஏன் கேட்டேன்னு?"

அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். மூடினேன். விளக்கைப் பார்த்தேன்.

"எரியுதுண்ணே" என்றேன்.